விலை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றப் பைகள், கூடாரங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் விலை தரப்பட்டிருந்ததே தவிர, எடை ஒன்றுக்குக்கூடத் தரப்படவில்லை. சுமந்து நடக்கப் போகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எடை குறைந்த பொருள் என்றாலே வெளிநாட்டுச் சரக்கு, பல்லாயிரம் ரூபாய்ச் செலவு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அமெரிக்காவின் எம்மா கேட்வுட் 1955-இல், தமது 67-ஆம் வயதில், அப்பலாச்சியன் நெடும்பாதையில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக நடந்து முடித்தபோது, அவர் தோளில் தொங்கியது அவரே தைத்துக்கொண்ட துணிப்பை. மழைக்கு வைத்திருந்தது குளியலறைத் திரைச்சீலை.

நான் சமையலறைத் தராசில் இருந்துதான் தொடங்கினேன். பையில் வைக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதியபோது, எல்லாவற்றிலும் கனமானது 2 கிலோவைத் தாண்டிய அந்தப் பைதான் என்று தெரிந்தது. முதுகுப் பக்கத்தில் செருகியிருந்த அலுமினியப் பட்டைகளை உருவிவிட்டு, பொதி கட்டி வரும் வெள்ளை நுரைத்தாளை மடித்து அங்கே வைத்தேன். பகலில் அது பைக்கு முதுகெலும்பு. இரவில் விரித்தால் தோளிலிருந்து இடுப்பு வரை படுக்கை, காலுக்குக் கீழே காலிப் பை. (பனியில் படுக்கும் பயணத்துக்கு இது ஆகாது.) குடை பழுதுபார்ப்பவரிடம் வாங்கிய பழைய குடைத்துணியில் துணிமணிகளுக்குச் சுருக்குப்பைகள் தைத்தேன். புது மெத்தையைச் சுற்றி வந்த தடித்த பாலித்தீன் உறை பைக்குள் மழைக்காப்பாக ஆயிற்று. தனி மழையுறை தேவைப்படவில்லை.

ஆனால், கத்தரி கையில் வந்துவிட்டால் வெட்டுவதை நிறுத்தத் தெரிய வேண்டும். இடுப்புப் பட்டையும் வீண் சுமை என்று நானே வெட்டியெறிந்துவிட்டு, 11 கிலோவைத் தூக்கிக்கொண்டு உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் போனேன். அடிவாரக் கிராமமான சாங்க்ரியிலிருந்து ஏறிய முதல் நாளிலேயே தோள்பட்டை மரத்து, மாலையில் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. தோளில் இறங்கும் பாரத்தைப் பெருமளவு இடுப்புக்கு மாற்றுவது அந்தப் பட்டைதான். மொத்தச் சுமை ஏழெட்டுக் கிலோவுக்குள் வந்த பிறகே அதைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். ஊர் திரும்பியதும் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் பட்டையை மறுபடி தைத்து வாங்கினேன். அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "நல்லா இருந்ததை ஏன் தம்பி அறுத்தீங்க?"

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர்பானத் தகரக் குவளையை வெட்டிச் செய்யும் எரிசாராய அடுப்பு சில கிராம்தான் இருக்கும், செய்வதும் எளிது. ஆயினும் அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, தட்டிவிட்டால் எரிபொருள் எரிந்தபடியே ஓடும். காய்ந்த புல் நிற்கும் நம் மலைகளில் அதற்கு இடமே இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஊறவைத்த அவலும் வெல்லமும் வறுகடலையும் இருக்கும்போது இரண்டு நாள் நடைக்கு அடுப்பே வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

இனி இத்தகைய பக்கங்களை வெளியிடும்போது, விலைக்குப் பக்கத்தில் எடையையும் கிராமில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர் சொல்லவில்லை என்றால், நிருபரே ஒரு தராசு கொண்டுபோய் நிறுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.