அந்த ஆஃபர் லெட்டரின் மூன்றாம் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆஃபர் லெட்டரை நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் வாழ்த்து, இரண்டாம் பக்கத்தில் சம்பளம், மூன்றாம் பக்கத்தில் 10,000 ஸ்டாக் ஆப்ஷன், அதாவது கம்பெனியின் பங்கை வாங்கும் உரிமை. அந்த வரிக்கு மஞ்சள் அடித்து, ஓரத்தில் "அக்கா, இது பெரிய அமவுண்ட்தானே?" என்று எழுதியிருக்கிறாய். சம்பளம் இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆனால் இந்த 10,000 அதை ஈடுகட்டிவிடும் என்று அவர்களுடைய எச்.ஆர். போனில் சொன்னாராம்.

போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் ஒரு ஸ்டார்ட்அப்பில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவள்தான். போ. ஆனால் எதை நம்பிப் போகிறாய் என்பதில் கணக்கு தப்பக் கூடாது. எனக்குத் தப்பியது. தனியாகவே அனுப்பியிருப்பேன்; இந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் நீ நான்காவது ஆள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். நீ சேரப்போகும் கம்பெனியின் பெயர் எங்கேயும் வராது, பயப்படாதே.

முதலில் அந்த 10,000. அது பெரிய எண்ணா, சின்ன எண்ணா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மொத்தப் பங்கு 10 லட்சம் என்றால் உன் கையில் 1 சதவீதம். ஒரு கோடி என்றால் 0.1. பத்துக் கோடி என்றால் 0.01. எந்த எண்ணால் வகுக்க வேண்டுமோ அந்த எண் மட்டும் லெட்டரில் இல்லை. பெரும்பாலும் இருக்காது. எனக்கு வந்த லெட்டரிலும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. சேருவதற்கு முன்பே காசுக் கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவளாகச் சொல்கிறேன், அதைக் கேட்பவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்டும் சொல்ல மறுக்கிறார்கள் என்றால் அதுவே ஒரு பதில்தான். "ஃபுல்லி டைல்யூட்டட் கணக்கில் மொத்தம் எத்தனை பங்கு?" என்று கேள். இன்னும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஆப்ஷன்கள், முதலீட்டாளர் கையில் இருப்பவை எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

சரி, 0.1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். நீ மனதுக்குள் போட்டிருக்கும் கணக்கு எனக்குத் தெரியும். கம்பெனி 80 கோடிக்கு விற்றால் எனக்கு 8 லட்சம். அப்படி வராது, தம்பி. முதலீட்டாளர்கள் 60 கோடி போட்டு 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள் என்று வை. அவர்கள் ஒப்பந்தத்தில் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்று ஒரு ஷரத்து இருக்கும். விற்கும்போது போட்ட பணத்தை முதலில் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், அல்லது அதை விட்டுவிட்டுத் தங்கள் சதவீதத்தின்படி பங்கு கேட்கலாம்; எது அதிகமோ அது. 80 கோடியில் 40 சதவீதம் 32 கோடிதான், ஆகவே 60 கோடியைத்தான் எடுப்பார்கள். மீதி 20 கோடி, மற்ற 60 சதவீதக்காரர்களுக்கு. அதில் உன் 10,000 பங்குக்கு வருவது சுமார் 3,33,000. அதிலிருந்து நீ பங்கை வாங்கக் கொடுக்கும் விலையைக் கழிக்க வேண்டும், பிறகு வரி. கம்பெனி 60 கோடிக்குள் போனால் உனக்கு ஒன்றுமே இல்லை. இது எளிய வகை ஷரத்து. போட்டதற்கு இரண்டு மடங்கு முதலில் எடுக்கும் வகையும் உண்டு, போட்டதையும் எடுத்துக்கொண்டு மீதியிலும் பங்கு கேட்கும் வகையும் உண்டு.

இன்னொன்று. அந்த 10,000 முதல் நாளே உன்னுடையது ஆகிவிடாது. வழக்கமாக நான்கு வருஷ வெஸ்டிங், அதாவது நான்கு வருஷத்தில் பகுதி பகுதியாக உன்னுடையதாகும்; முதல் வருஷம் கிளிஃப், அது முடியும்வரை ஒன்றும் கிடையாது. பதினோராவது மாதத்தில் விலகினால் பூஜ்யம். ஒரு வருஷம் முடிந்தால் 2,500, பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக. ஆப்ஷன் என்பது பங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ன விலைக்கு இத்தனை பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை, அவ்வளவுதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அழகானதல்ல. மூன்று வருஷம் முடித்து ராஜினாமா கொடுத்தபோது, 12,000-இல் 9,000 எனக்கு வெஸ்ட் ஆகியிருந்தது. கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள், ஆளுக்கொரு வரி எழுதிய அட்டை கொடுத்தார்கள். மறுநாள் ஒரு மெயில். 90 நாளுக்குள் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆப்ஷன்கள் காலாவதி. கட்ட வேண்டிய தொகை என் எட்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. அதில் பெரிய பகுதி வரி. ஸ்ட்ரைக் பிரைஸுக்கும் (பங்கை வாங்க முன்பே குறித்த விலை) அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வருமானமாகக் கணக்கிட்டுப் பல நாடுகளில் வரி போடுகிறார்கள், அந்தப் பங்கை நீ யாரிடமும் விற்க முடியாது என்றாலும். கையில் வராத காசுக்குக் கையிலிருந்து வரி! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய்க்கு வாடகை வேறு கேட்டார்கள்.

89-ஆம் நாள் வரைக்கும் தூங்கவில்லை. கடைசியில் கட்டவில்லை, விட்டுவிட்டேன். முட்டாள்தனம் செய்துவிட்டோமே என்று ஒரு வருஷம் மனசு அரித்தது. அதற்கு அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி, முதலீட்டாளர் போட்ட பணத்துக்கும் கீழே ஒரு விலைக்குப் போனது. பணம் கட்டியிருந்தால் எட்டு மாதச் சம்பளமும் போயிருக்கும். என் புத்திசாலித்தனம் என்று இதில் எதுவும் கிடையாது, கையில் காசு இல்லாததால் தப்பித்தேன். எல்லா இடத்திலும் 90 நாள்தான் என்றும் இல்லை. இரண்டு வருஷமாவது வேலை செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த அவகாசத்தைப் பின்ட்ரெஸ்ட் என்ற இணையக் கம்பெனி 2015-இல் ஏழு வருஷமாக்கியது. ஆகவே உன் லெட்டரில் அது எத்தனை நாள் என்பதையும் கேட்டு வாங்கு. இப்போதைக்கு அந்த வரியே அதில் இல்லை.

அப்படியானால் அந்த மூன்று வருஷம் வீணா என்று கேட்பாய். இல்லை. அதற்கு ஒரு ராத்திரியைச் சொன்னால் போதும்.

சேர்ந்து ஐந்தாவது மாதம். என் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள், ஒன்று சோதனைக்கான டெஸ்ட் டேட்டாபேஸ், இன்னொன்று வாடிக்கையாளர்களின் நிஜ டேட்டா இருக்கும் புரொடக்‌ஷன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மட்டும் ரத்து செய்ய வேண்டும். டேட்டாவை மாற்றும் அப்டேட் கட்டளையை எழுதினேன், யாருடைய கணக்கு என்று குறிக்கும் "WHERE" கண்டிஷனைப் பிறகு சேர்க்கலாம் என்று நினைத்திருக்கும்போதே விரல் என்டரைத் தட்டிவிட்டது. எந்த ஜன்னலில் தட்டினேன் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. திரையில் ஒரே வரி, 18,412 வரிசைகள் மாற்றப்பட்டன என்று. எங்களிடம் இருந்த வாடிக்கையாளர்களே அவ்வளவு பேர்தான். மணி ராத்திரி 11:20.

பின்னால் உட்கார்ந்திருந்த சீனியரிடம் சொன்னேன். குரல் வந்ததா என்றுகூட நினைவில்லை. அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, "கீபோர்டுலேர்ந்து கைய எடும்மா" என்றார். பிறகு டேட்டாபேஸ் பக்கமே போகவில்லை. வேறொரு சர்வரில் நுழைந்து குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையை நிறுத்தினார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஓடி, புதிதாக ரத்தான கணக்குகளுக்கெல்லாம் "உங்கள் கணக்கு ரத்தானது" என்று மெயில் அனுப்பும் வேலை அது. 11:30-க்கு ஓடியிருக்க வேண்டியது. டேட்டாவைப் பிறகு திருப்பிவிடலாம், போன மெயிலைத் திருப்ப முடியாது. பத்து நிமிஷத்துக்குள் எதை முதலில் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. பிறகு அன்று காலை எடுத்த பேக்கப்பை வேறொரு இடத்தில் விரித்து, கணக்கு நிலையைக் காட்டும் அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் எடுத்துத் திரும்ப ஊற்றினோம். முடிக்க மூன்றரை மணி ஆனது.

மறுநாள் மீட்டிங்கில் அழுதுவிடுவேன் என்றுதான் உள்ளே போனேன். யார் செய்தது என்ற கேள்வியே வரவில்லை. ஐந்து மாதமே ஆன ஒருத்தியின் கையில் புரொடக்‌ஷன் சாவி ஏன் இருக்கிறது, இரண்டு ஜன்னலும் ஏன் ஒரே நிறத்தில் இருக்கின்றன, இவைதான் கேள்விகள். அன்று மாலையே புரொடக்‌ஷன் ஜன்னல் சிவப்பானது. இப்போது நான் வேலை செய்யும் இடத்திலும் அது சிவப்புதான். வந்த முதல் வாரத்திலேயே மாற்றினேன்.

மென்பொருள் கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பின் கதையை நீ கேள்விப்பட்டிருப்பாய். 2017 ஜனவரி 31. களைத்துப்போயிருந்த ஓர் இன்ஜினியர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் கண்டுபிடித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. நம்பியிருந்த பேக்கப்புகளைத் திறந்தால் ஒன்றுமே சரியாக ஓடியிருக்கவில்லை. யாரோ வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. என்னைக் கவர்ந்தது அதற்கப்புறம் நடந்தது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு எழுதிய அறிக்கையில் அந்த ஆளின் பெயர் கிடையாது, "டீம் மெம்பர் 1" மட்டும்தான்.

அதனால் சம்மதம் சொல்வதற்கு முன் அவர்களோடு ஒருமுறை பேசு; "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவர்கள் கேட்கும்போது இதைக் கேள்: "கடைசியாக உங்கள் சிஸ்டம் எப்போது விழுந்தது? அன்றைக்கு என்ன நடந்தது?" கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. எங்கள் சிஸ்டம் விழுந்ததே இல்லை என்றால், ஒன்று பொய், இல்லை அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு ஆளைக் காட்டி "அவர் செய்த வேலை, இப்போது அவர் இங்கே இல்லை" என்றால், அடுத்த "அவர்" நீதான். கண் மலர்ந்து, கையை ஆட்டி, பேக்கப்பு எங்கே இருந்தது, யார் முதலில் என்ன செய்தார் என்று பத்து நிமிஷம் கதை சொன்னால், சம்பளம் குறைந்தாலும் அந்த இடத்தைப் பற்றி யோசிக்கலாம். "ஹெட் ஆஃப் பிளாட்ஃபார்ம்" என்ற பதவிப் பெயரைப் பற்றியும் கேட்டிருந்தாய். மொத்தம் ஆறு பேர் உள்ள கம்பெனியில் எல்லோருமே ஏதாவது ஒன்றுக்கு ஹெட்தான். விட்டுத் தள்ளு.

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் கதையை எனக்கு ஃபார்வர்ட் செய்திருந்தாய். 2009-இல் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வேலை தர மறுத்தன, 2014-இல் அதே ஃபேஸ்புக் அவருடைய வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. உண்மைதான். ஆனால் உனக்கு வந்த படத்தில் இருப்பது பாதிக் கதை. அதற்கு முன்னால் அவர் யாஹூவில் பதினோரு வருஷம் வேலை செய்தவர். 2009 கடைசியில் வாட்ஸ்அப்புக்கு முதல் 2,50,000 டாலரை அவர் திரட்டியது யாஹூவில் கூட வேலை பார்த்த பழைய நண்பர்களிடமிருந்து. வேலை மறுக்கப்பட்ட மறுநாள் எழுந்து நடந்துவிட்டார் என்று படிக்காதே. பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் அவரை நம்பிக் காசு கொடுத்தார்கள் என்று படி. என் 9,000 ஆப்ஷன் காற்றோடு போனது. ஆனால் அந்தச் சீனியர்தான் எனக்கு அடுத்த இரண்டு வேலைக்கும் சிபாரிசு செய்தார், இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு சந்தேகம் என்றால் அவருக்குத்தான் போன் போடுகிறேன்.

அலுவலகத்தில் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக்கின் கதையும் பாதிதான் சொல்லப்படுகிறது. க்ளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டைச் செய்துகொண்டிருந்த கம்பெனி, 2012 கடைசியில் அதை மூடி, பெரும்பாலான ஆட்களை அனுப்பிவிட்டது. மிஞ்சிய சில பேர், விளையாட்டைக் கட்டும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த கருவியை எடுத்துத் தனியாக விற்கலாம் என்று உட்கார்ந்தார்கள். எல்லோரும் சொல்வது அந்த மிஞ்சியவர்களின் கதையை. நான் அனுப்பப்பட்டவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களும் இவர்களைப் போலவே உழைத்தவர்கள்தானே? உன் 10,000-க்கு விலை வருமா என்பது உன் உழைப்பை மட்டும் பார்த்து நடக்கிற விஷயமில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மூன்றாம் பக்கத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தை மட்டும் படி. அந்தச் சம்பளத்தில் இரண்டு வருஷம் கடன் வாங்காமல் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் மேலே பேசு. முடியாது என்றால் சம்பளத்தைக் கூட்டிக் கேள், ஆப்ஷனைக் குறைத்துக்கொள்ளட்டும். அப்படி மாற்றித் தருகிற கம்பெனிகள் நிறைய உண்டு, கேட்கிற ஆட்கள்தான் குறைவு.

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறாய். இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேள், கொடுப்பார்கள். இன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடு. மொத்தப் பங்கு எத்தனை, ஸ்ட்ரைக் பிரைஸ் என்ன, விலகினால் எத்தனை நாள், முதலீட்டாளர்கள் இதுவரை போட்டது எவ்வளவு. நாலே வரி. பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வகுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா