செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுச்சபைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, மூத்தோர் ஒன்றுகூடல் எல்லாம் வழமைபோல் நடந்தன. வகுப்புக்கு மண்டபம் கிடைப்பதில் இருந்த இழுபறி தீர்ந்துவிட்டது. வரவுசெலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவற்றை இத்துடன் விடுகிறேன். ஏனென்றால் இந்த ஆண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் கேட்டதெல்லாம் ஆகஸ்ட் மாதக் கயாக் (ஒடுங்கிய துடுப்பு வள்ளம்) பயணத்தைப் பற்றித்தான்: ஏன் அவ்வளவு தூரம், ஏன் அவ்வளவு செலவு?

போன இடம் கனடாவின் மேற்குக் கரையோரமுள்ள வன்கூவர் தீவின் வடகிழக்குக் கரையில் உள்ள ஜோன்ஸ்டன் நீரிணை. தீவின் நனைமோ துறைமுகத்தில் ஃபெரியால் இறங்கிய பிறகும் வடக்கு நோக்கி நாலு மணிநேரமளவு கார் ஓட வேண்டும். கடல் என்றதும் பின்வாங்கியவர்களும் உண்டு. 2010 ஆகஸ்டில் இலங்கைத் தமிழ் அகதிகள் 492 பேருடன் சன் சீ கப்பல் வந்து சேர்ந்த எஸ்குவைமால்ட் இதே தீவின் தென்முனையில்தான் இருக்கிறது. அந்த நாட்களை அறிந்த குடும்பங்களை வாருங்கள் என்று நெருக்க வேண்டாம் எனக் குழு முடிவெடுத்தது. சரியான முடிவு.

வந்தவர்களுக்கு முன்கூட்டியே நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்தோம். கவிழ்ந்த கயாக்கில் தலைகீழாக இருந்தபடி இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடிய துணியை இழுத்துக் கழற்றி வெளியே வரவேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள்தான் பதறினார்கள். அம்மாமார் பேசாமல் செய்து முடித்தார்கள். அந்தக் கடலில் கோடையிலும் நீர் பத்துப் பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும் என்பதால் இந்தப் பயிற்சியில் யாருக்கும் விலக்கு அளிக்கவில்லை. பிற்பகலில் வடமேற்குக் காற்று எழும்புமுன் கரை சேர வேண்டும் என்று விடியற்காலையிலேயே துடுப்புப் போட்டோம். இரவில் வள்ளங்களை மரங்களின் அடிவரை தூக்கி வைத்தோம். அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஐந்து மீற்றர் வரை வித்தியாசம் வரும். கரடி நடமாடும் கரை என்பதால் உணவுப் பொருள் எதுவும் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்று முன்பே அறிவித்திருந்தோம். அப்படியிருந்தும் ஒருவர் கருவாட்டுச் சம்பல் போத்தலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வழிகாட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டுமுன் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

திமிங்கிலம் பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்கு: பார்த்தோம். ஹம்பேக் இனத் திமிங்கிலம் ஒன்று வாயைத் திறந்தபடி நீர்மட்டத்தில் அசையாமல் நின்றது. பறவைகள் துரத்திய சின்ன மீன்கள் ஒதுங்க இடமென்று நினைத்து அந்த வாய்க்குள்ளேயே போயின. இந்த மீன்பிடி முறையை முதலில் கவனித்ததே 2011இல், இதே கடற்பகுதியில்தான். தீவின் மறுபக்கத்தில் உள்ள கோல் ஹாபரில் 1967 வரை திமிங்கிலம் வெட்டும் நிலையம் இயங்கியது. அங்கே அறுபட்ட இனம் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

ஓர்கா எனும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் வந்து கூழாங்கல்லில் உடம்பைத் தேய்க்கும் ரொப்சன் பைட் குடாவுக்குள் நாங்கள் போகவில்லை. 1982 முதல் அது பாதுகாக்கப்பட்ட இடம். வெளியிலும் ஓர்காவுக்கு 200 மீற்றர் விட்டே நிற்க வேண்டும். படம் சரியாக வரவில்லை என்ற முறைப்பாடுகளை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கியில் அவற்றின் பேச்சைக் கேட்டோம். தாயைப் பிரியாமல் வாழ்நாள் முழுக்கக் கூடவே திரியும் கூட்டங்கள் அவை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சுவழக்கு உண்டு.

இனிச் செலவுக்கு வருகிறேன். கயாக்கை வாடகைக்கு எடுத்து நாமே போயிருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்கும் என்று ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். திமிங்கிலத்தை மட்டும் எண்ணினால் அவர் சொல்வது உண்மை. ஆனால் எங்களோடு வந்த வழிகாட்டி நம்கிஸ் இனத்தவர். நம்கிஸ் என்போர் அந்தக் கரையின் பூர்வகுடியான குவாக்குவாக்கியவாக் மக்களில் ஒரு பிரிவினர். வற்று நேரத்தில் ஒரு குடாவில் வரிசையாகக் கிடந்த பாறாங்கற்களைக் காட்டி, இதைக் கட்டியது யார் என்று கேட்டார். எங்களுக்கு வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. அது மட்டித் தோட்டம். வற்றின் தாழ்ந்த எல்லையில் கல்லணை கட்டினால் பின்னால் மணல் நிரம்பித் தரை சமமாகும், மட்டி பெருகும். தெற்கே குவாட்ரா தீவில் இப்படியான அணைகள் 3500 ஆண்டுப் பழமையானவை என்று கணித்திருக்கிறார்கள். காட்டுக்குள் ஒரு பக்கம் பட்டை உரிந்த சீடர் (cedar) மரங்களும் அப்படித்தான்: நாங்கள் நோய் என்றோம், கூடைக்கும் உடைக்கும் அளவாக உரித்து, மரத்தை உயிரோடு விட்ட அடையாளம் என்றார் அவர். அவர் இல்லாமல் போயிருந்தால் ஆளில்லாக் காடு பார்த்தோம் என்று வந்து இங்கே அறிக்கை வாசித்திருப்பேன்.

கடைசி நாள் நம்கிஸ் மக்களின் ஊரான அலேர்ட் பே. பெயர் சூட்டல், திருமணம், உரிமை மாற்றம் எல்லாவற்றையும் விருந்தினரைச் சாட்சியாக வைத்து, அவர்களுக்குப் பரிசு கொடுத்து உறுதிசெய்யும் பொட்லாட்ச் விழாவைக் கனடா 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்திருந்தது. 1921இல் வில்லேஜ் தீவில் நம்கிஸ் தலைவர் டான் கிரான்மர் நடத்திய விழாவுக்காக 45 பேர்மீது வழக்கு. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்றார்கள். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பறித்த பொருட்கள் ஒட்டாவா, ரொறன்ரோ, நியூயோர்க் என்று சிதறின. பலகால வாதாட்டத்துக்குப் பிறகு மீண்டவற்றில் ஒரு பகுதி 1980இல் திறந்த உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைத்திருக்கிறார்கள். அடைபட்டுக் கிடந்தது போதும் என்று. பக்கத்தில் செயின்ட் மைக்கேல்ஸ் வதிவிடப் பள்ளி நின்ற நிலம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகளில் ஒன்று; 2015இல் இடித்தார்கள். நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அங்கே கேட்ட கேள்விகளுக்குப் பெரியவர்களிடம் பதில் இருக்கவில்லை. வழிகாட்டிதான் பொறுமையாகச் சொன்னார்.

ஆகவே அடுத்த ஆண்டுப் பயணத்தையும் அந்தந்த மண்ணின் மக்களே வழிகாட்டும்படி ஒழுங்குசெய்ய வேண்டும், மாணவர் கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் குழு முன்வைக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால் நாட்களைக் குறைப்போம், வழிகாட்டியை அல்ல. வாக்கெடுப்பு தேநீர் இடைவேளைக்குப் பின்.

அலேர்ட் பேயில் நடனத்தின்போது எடுத்த படங்களை, விருந்தளித்தவர்கள் கேட்டுக்கொண்டபடி, வாட்ஸ்அப் குழுவில் இட வேண்டாம். இரவல் வாங்கிய நீர்புகாப் பைகளை இன்னும் திருப்பித் தராதவர்கள் இன்றே பொருளாளரிடம் ஒப்படைக்கவும்.

நிர்வாகக் குழுவின் சார்பில்,
செயலாளர்