பிள்ளை மடுவத்தில் (தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில்) உயரத்தையும் அளவிடுங்கள்: பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தினருக்கும் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒருமுறை எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெளியூரிலிருந்து வந்த நடுவர் ஒருவர், வரிசையில் நின்ற ஐந்தாந் தரப் பிள்ளைகளைப் பார்த்து, மூன்றாந் தரத்தை ஏன் இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார். "எங்கள் பிள்ளைகளின் வாகு அப்படி" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் பிழையானது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. அதே பதிலைத் தோட்ட நிர்வாகிகளான துரைமார் முதல் தாய்மார் வரை இன்றும் பலர் சொல்லக் கேட்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்கள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. போதிய உணவும் தாய்ப்பாலும் நோயற்ற சூழலும் கிடைத்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் டெல்லிக் குழந்தையும் ஒஸ்லோக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வளர்கின்றன என்பதை அந்த ஆய்வு காட்டியது. அதன்படி, இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தையைப் படுக்கவைத்து அளக்கும்போது நீளம் 80 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால், அது வளர்ச்சி குன்றிய குழந்தை. இதற்கு உடல்வாகைக் காரணம் காட்ட முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 17 வீதத்தினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டத்துறையில் அது சுமார் 32 வீதம். தடுப்பூசி வழங்கலிலும் பிரசவப் பராமரிப்பிலும் ஏனைய நாடுகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஒரு நாட்டில்தான் இந்த இடைவெளி இருக்கிறது.

இக்குறை பாடசாலையில் தோன்றுவதில்லை. கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையான ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் அதன் பெரும்பகுதி நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. இளவயதில் தானே குன்றி வளர்ந்து, இரத்தச்சோகையுடன் மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்படி கிளினிக்கில் அறிவுறுத்துகிறார்கள். ஆனால் அவருக்குச் சட்டப்படி கிடைக்கும் பிரசவ விடுமுறை 12 வாரம். வேலைக்குத் திரும்பியவருக்குப் பாலூட்டும் இடைவேளை உண்டு என்றாலும், மலை உச்சியிலிருந்து பிள்ளை மடுவத்துக்கு இறங்கி ஏறுவதிலேயே அந்த நேரம் கழிந்துவிடும். பறிக்கும் கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், பாதியாகிவிடும் என்ற அச்சமும் அவரை விடாது. ஆறு மாதத்துக்குப் பின் கொடுக்கப்படும் உணவோ பெரும்பாலும் நீர்த்த கஞ்சி, பிஸ்கட், தேநீரில் நனைத்த ரொட்டி. தேயிலையிலுள்ள தனின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. தேயிலை வளர்ப்பவர்களின் வீட்டில் இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. இவற்றோடு லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) ஓடையிலிருந்து வரும் பீலித் தண்ணீரும் பல குடும்பங்கள் பகிரும் கழிப்பறையும் சேர, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு உண்ட சிறிதளவையும் உடலில் ஒட்டவிடுவதில்லை.

அரசின் உதவிகளில் கணிசமானவை இதற்குப் பிறகே வந்து சேர்கின்றன. முன்பள்ளிக் காலை உணவும் பாடசாலை மதிய உணவும் நல்லவையே, அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயினும் மூன்று வயதுக்குப் பிறகு தட்டில் விழும் சோறு, இழந்த உயரத்தை முழுமையாக மீட்டுத் தராது. அதற்கு முந்திய வயதினருக்கான திரிபோஷ என்ற சத்துமாவும் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்த அதே ஆண்டில், தடைப்பட்டது. அப்போது பிறந்த பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் வயதை நெருங்குகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாதந்தோறும் நிறுக்கப்படுவது எடைதான். உயரம் குன்றிய பிள்ளை அந்த உயரத்துக்கேற்ற எடையுடன் இருந்தால் பார்வைக்குக் கொழுகொழுவென்றே தெரியும். தாயும் கவலைப்படமாட்டார், பணியாளரும் கவலைப்படமாட்டார். பெரு நாட்டின் அந்தீஸ் மலைக் கிராமங்களிலும் குள்ளமாயிருப்பது இயல்பு என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அங்கே குழந்தைகளின் உயரத்தை ஒழுங்காக அளந்து, அதன் பொருளைத் தாய்மாருக்கு விளக்கி, வறிய குடும்பங்களுக்கான உதவியையும் வரவு செலவுத் திட்ட ஒதுக்கீட்டையும் அந்த இலக்குடன் இணைத்தார்கள். 2008இல் சுமார் 28 வீதமாக இருந்த வளர்ச்சிக் குறைவு 2016இல் சுமார் 13 வீதமாகியது. அந்த மக்களின் மரபணு எட்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை.

ஆகவே கம்பனிகளிடம் நான் வேண்டுவது, கொழுந்தை ஒரே நாளில் பல தடவை நிறுத்துக் கணக்கெழுதும் உங்கள் தோட்டங்களில், பிள்ளை மடுவத்துக்கு நீளம் அளக்கும் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்து, இரண்டு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கச் செய்யுங்கள் என்பதே. மடுவத்திலுள்ள ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்கொரு முட்டையும் மசித்த பருப்பும் கொடுக்கும் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு மடுவத்துக்கு அண்மையிலுள்ள மலையில் வேலை கொடுப்பதற்கோ பணம் தேவையில்லை; காலைப் பெரட்டில் (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தில்) கங்காணிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சுகாதார அமைச்சிடம் வேண்டுவது, உதவிக்குரிய பிள்ளையைத் தெரிவு செய்கையில் எடையோடு உயரத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும் என்பது. தோட்டங்களுக்கு அனுப்பப்படும் குடும்பநலப் பணியாளர் தமிழில் பேசக்கூடியவராக இருப்பதும் அவசியம். அளந்த உயரத்தையும் அதன் பொருளையும் அவர் தாய்க்குப் புரியும் மொழியில் சொல்லாவிட்டால், அந்த எண் குறிப்பேட்டிலேயே தங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மலையக ஆசிரியன்