மருந்துக்கும் பில் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன் நான். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், மனைவிக்கு மருந்து வாங்கிய அன்று பில் கேட்கவில்லை.

டாக்டர் எழுதியது ரத்த அழுத்தத்துக்கான சில்னிடிபின். கடையில் மருந்தாளுநர் இல்லை. அங்கிருந்த பையன் எடுத்துக் கொடுத்தது கிளிமிபிரைடு, சர்க்கரை நோய்க்கான மாத்திரை. என் மனைவிக்குச் சர்க்கரையே கிடையாது. மூன்றாம் நாள் விடியற்காலையில் புடவை நனைய வியர்த்துக் கிடந்தவள், என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை அளவு 38. குளுக்கோஸ் ஏற்றியும் திரும்பத் திரும்ப இறங்கியது. மூன்று நாள் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை அட்டையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்த டாக்டர், "இதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி! கடைக்காரர் பணத்தை நீட்டியபடி முதலில் கேட்டதே அந்த அட்டையைத்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடையின் உரிமம் குறித்த நடவடிக்கைக்கு மருந்து ஆய்வாளரிடம் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது, சீட்டு மருந்துகளைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் தர வேண்டும் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளே சொல்கின்றன.

இரண்டு இடத்திலும் மனு கொடுத்துவிட்டேன். மருந்துச் சீட்டு, அட்டை, மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பு மூன்றும் என்னிடம் இருக்கின்றன. பில் மட்டும்தான் இல்லை. கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு தேதியையும் தொகையையும் காட்டுகிறது, மருந்தின் பெயரைக் காட்டவில்லை. அந்த ஒரு துண்டுத் தாளுக்காக இப்போது அலைகிறேன்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு என் வேண்டுகோள்: கடைகளை மாலை ஏழு மணிக்கு மேல் வந்து பாருங்கள். கூட்டம் நெருக்கும் அந்த நேரத்தில் மருந்தாளுநர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற நடத்துநர்,
மன்னார்குடி.