கல்யாண கேஸ் நடத்துற தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தோழர்களே,

ஒரே பாலின ஜோடிகளோட கல்யாணத்தை அங்கீகரிக்க முடியாதுன்னு 2023 அக்டோபர் 17ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அன்னிக்கு உங்களை மாதிரி எனக்கும் வயிறு எரிஞ்சுது, 2025 ஜனவரில மறுசீராய்வு மனுவையும் தள்ளிட்டாங்க, இப்போ அடுத்து என்னன்னு பேச ஆரம்பிச்சிருக்கீங்க, மறுபடியும் பேச்சு கல்யாணத்தையே சுத்திச் சுத்தி வருது. அதான் எழுதுறேன்.

சாதி, மதம் பார்க்காம கல்யாணத்தைப் பதிவு பண்ற ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல இடம் கேட்டீங்க. கிடைச்சிருந்தா? 30 நாள் நோட்டீஸ் இருக்கே. ரெண்டு பேரோட பேரு, வயசு, அட்ரஸ் எல்லாம் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒட்டிருவாங்க, போறவன் வர்றவன் எல்லாம் படிக்கலாம். சாதி மாறி கட்டிக்கிறவங்களே அந்த போர்டைப் பார்த்து நடுங்குறாங்க. உங்கள்ல சில பேர் அதையும் எதிர்த்துதான் மனு போட்டீங்க, இல்லைங்கல, ஆனா டிவி விவாதத்துல அதைப் பத்தி யாரு பேசினா? சொந்த ஃப்ளாட்டும் தெரிஞ்ச வக்கீலும் இருக்கிற ஜோடி சமாளிச்சிரும், ராத்திரி பஸ் ஏறி ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க என்ன பண்ணும்?

அவங்க பின்னாடி முதல்ல வர்றது மகளைக் காணோம்னு அப்பா குடுக்குற கம்ப்ளைன்ட். 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, 25 வயசுப் பொண்ணை வீட்ல அடைச்சு வெச்சு அடிச்சு, நார்மலாக்குறோம்னு சடங்கு வேற, போலீஸும் அப்பா அம்மாகூடத்தான் அனுப்பி வெச்சுது. ஆட்கொணர்வு மனு போட்டு வெளிய கொண்டு வந்தாங்க. குடும்பம் ஆகுறதுக்கு கல்யாணம் மட்டும்தான் வழின்னு இல்லைன்னு ஜட்ஜுங்களே எழுதிட்டாங்க, நாமதான் இன்னும் தாலிக்கு க்யூல நிக்கிறோம்!

இடஒதுக்கீடு இன்னொரு கதை. திருநங்கைகளை மூணாம் பாலினமா ஏத்துக்கிட்ட 2014 நால்சா தீர்ப்பு அவங்களுக்கு அதைக் குடுக்கச் சொல்லுச்சு, தமிழ்நாட்டுல எம்பிசில சேர்த்தாங்க, அப்போ தலித் திருநங்கை எஸ்சில நிக்கணுமா எம்பிசில நிக்கணுமா? அதுக்குத்தான் எஸ்சி, எம்பிசின்னு ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் தனியா பங்கு குடுக்குற கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்குறாங்க. கர்நாடகா 2021லயே அரசு வேலைல 1 சதவீதம் குடுத்துச்சு. 2023 மார்ச்ல இதே விஷயமா சுப்ரீம் கோர்ட் போனா எடுத்துக்கவே இல்ல, அடுத்த மாசம் கல்யாண கேஸுக்கு அஞ்சு ஜட்ஜ், லைவ் டெலிகாஸ்ட். அந்த மார்ச்ல உங்க பக்கத்துல எத்தனை போஸ்ட் போட்டீங்க?

அப்புறம் திருநங்கைகள் குடும்பமா சேர்ந்து வாழுற ஜமாத்துல அம்மா, மகள்னு இருக்கிறவங்க, அவங்களை எந்த மேரேஜ் சர்டிபிகேட்ல அடைப்பீங்க? 2024ல ஒரே ரேஷன் கார்டு வாங்கலாம், ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கலாம்னு மத்திய அரசு சொன்னப்பவும் ஜோடிதான் கணக்கு.

கல்யாணத்தைக் கைவிடச் சொல்லல. அடுத்த மனுல முதல் கோரிக்கையா போலீஸ் பாதுகாப்பும், நாம யாரைச் சொல்றோமோ அவங்களே ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடுற உரிமையும் இருக்கட்டும், இடஒதுக்கீடு கேஸுக்கு உங்க சீனியர் வக்கீல்களை அனுப்புங்க. டிராஃப்டைத் தமிழ்லயும் போடுங்க, படிச்சுட்டு சண்டை போட வர்றோம்.