எமது மரச்சோலையின் கிணற்றுக்கும் நினைவுப் பதிவேட்டுக்குமான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் நெடுங்காலம் கழித்துத் தம் காணிகளுக்குத் திரும்பியபோது, வீடும் மதிலும் அழிந்து பற்றை மூடிக் கிடந்த இடத்தில், கிணற்றடி மாமரத்தையும் எல்லைப் பனைகளையும் கொண்டே தமது வளவு எதுவென்று பலர் அடையாளம் கண்டார்கள். அவர்கள் அந்த மரங்களைப் பற்றிச் சொன்னவை எழுதப்படாமல் போய்விடக்கூடாது என்ற எண்ணத்திலேயே, ஊர்ப் பொதுக்காணியில் நின்ற பழைய மரங்களைச் சூழ எமது மரச்சோலையை உருவாக்கினோம். இலுப்பை, பாலை, நாவல், விளாத்தி, புன்னை, பூவரசு என இந்த மண்ணுக்குரிய மரங்கள் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் சில பக்கங்களை ஒதுக்கி, வருவோரின் நினைவுகளை அவரவர் வாய்மொழியிலேயே எழுதி வருகிறோம்.

பூவரசின் பக்கங்களே முதலில் நிறைந்தன. வேலிக்குக் கதியால் நட்டது, தோட்டத்துக்குப் பசளையாகக் குழை தாழ்த்தது, ஆட்டுக்கு ஒடித்துப் போட்டது, இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியது என்று அந்த மரத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர் இங்கே இல்லை. கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளோடு ஒரு காலையில் வந்த அம்மா ஒருவர், இலுப்பையின் கீழ் உதிர்ந்து கிடந்த தடித்த வெண்ணிறப் பூக்களை முந்தானையில் பொறுக்கி, அவற்றை வறுத்துத் தின்ற நாட்களையும் கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் கொடுத்த வழக்கத்தையும் பிள்ளைகளுக்கு விளக்கினார். பதுங்குகுழிக்கு மேலே அடுக்குவதற்காகத் தன் வளவுப் பனைகளைத் தறித்ததைச் சொல்லத் தொடங்கிய ஐயா ஒருவர், பாதியில் நிறுத்தி எழுந்து போய், அடுத்த வாரம் தாமாகவே வந்து மிகுதியைச் சொன்னார். இப்பதிவேட்டின் பெறுமதியை எமக்கு உணர்த்தியவர் அவரே.

இப்போது எமது பெரிய கவலை தண்ணீர். வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணக்கல் ஏந்தி வைத்திருப்பதே எமக்குள்ள நீர்வளம். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இளங்கன்றுகள் வாடிக் கருகுகின்றன. மெதுவாக வளரும் பாலைக்கன்று ஒன்று பட்டுப்போனால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லும். தம்புள்ளையில் பிரித்தானியரான சாம் பொப்பம் 1963இல் தொடங்கிய மரத்தோட்டம், காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கைக்குப் பின் கைவிடப்பட்ட நிலத்தில் புதர்களை அகற்றி, தாமாக முளைத்த உள்ளூர்க் கன்றுகளுக்கு இடம்விட்டதால் காடாகியது. வரண்ட வலயத்துக்கு அதுவே பொருத்தமான முறை என்று நம்புவதால், அழகுக்காக வெளிநாட்டு மரங்களை வாங்கி நடும் யோசனையை நாம் ஏற்கவில்லை.

ஆகவே பழைய கிணற்றைத் தூர்வாரிக் கட்டவும், துளிநீர்க் குழாய்கள் பதிக்கவும், கட்டாக்காலி மாடுகள் நுழையாதவாறு வேலி அடைக்கவும், முதியோரின் குரலைப் பதியும் கருவி ஒன்று வாங்கவும் உங்கள் உதவியை வேண்டி நிற்கிறோம். எத்தொகைக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படும். வரவு செலவு விபரம் மாதந்தோறும் சனசமூக நிலைய அறிவித்தற் பலகையில் இடப்படும். நன்கொடையாளரின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்படுமேயன்றி, எந்த மரத்திலும் ஆணியடித்து மாட்டப்படமாட்டா. பணம் தர இயலாதோர் எருவோ விதையோ ஒரு நாள் உழைப்போ தரலாம்.

மழைக்கு முன்னர் கிணற்று வேலை நிறைவுற வேண்டியிருப்பதால், ஆவணி முடிவதற்குள் உங்கள் பங்களிப்பைச் சனசமூக நிலையத்தில் ஒப்படைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மரச்சோலைக் குழுவினர்,
யாழ்ப்பாணம்.