குறைந்த போக்குவரத்துச் சாலைகளுக்கு விதி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நாளொன்றுக்குச் சில நூறு வண்டிகளே போகும் சாலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கான தடிமன் கணக்கையே சுருக்கிப் போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டு இதை எழுதுகிறேன்.

வண்டியின் சக்கர அச்சு ஒன்று சாலைமேல் ஏற்றும் பளு இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்ற நான்காம் அடுக்கு விதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷோ (AASHO) நடத்திய சாலைச் சோதனையில் பிறந்தது அது. அங்கே இருந்ததோ ஒரே வகை அடிமண், ஒரே தட்பவெப்பம். மெல்லிய தார்ப்பூச்சும் அதன் கீழே ஜல்லியும் மட்டுமே கொண்ட சாலைக்கு அந்த அடுக்கெண்ணை அப்படியே எடுத்தாள்வது சரியல்ல.

அத்தகைய சாலையில் தார் நீரைத் தடுக்கிறதே ஒழியப் பளுவைச் சுமப்பதில்லை. சுமப்பவை ஜல்லியும் அடிமண்ணும்தான். ஜல்லியின் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, அழுத்தத்துக்கேற்ப ஏறும், ஈரத்தில் இறங்கும். இதை மறந்து, சாலையின் ஒவ்வொரு அடுக்குக்கும் மாறாத ஒரே விறைப்பெண்ணைக் கொடுத்துக் கணினியில் ஓட்டினால், பிணைப்பில்லாத ஜல்லியின் அடியில் இழுவிசை இருப்பதாக விடை வருகிறது. ஒட்டாத கற்கள் இழுவிசையை எப்படித் தாங்கும்?

பல நாள் மழைக்குப் பின் பளுவேற்றிய லாரியொன்று குறுகிய சாலையின் ஓரமாகப் போவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். சக்கரம் ஏறிய கணத்தில் விரிசலிலிருந்து சேற்றுநீர் கொப்பளித்து வந்தது. சக்கரம் நகர்ந்ததும் நின்றுவிட்டது. ஜல்லியின் இடுக்கில் இருந்த நுண்மண் வெளியேறுவதைத்தான் அந்தச் சேறு காட்டியது. சாலை நடுவில், காய்ந்த பருவத்தில் எடுக்கும் அளவீட்டில் இது தென்படவே படாது.

ஆகவே, எடையை விழுத்தித் தளம் எவ்வளவு தாழ்கிறதென்று அளக்கும் கருவியைக் கோடையில் மட்டுமன்றி அடிமண் நனைந்திருக்கும் வாரங்களிலும், சாலை ஓரத்திலும் பயன்படுத்த விதியில் இடம் வேண்டும். கருவி கிடைக்காத இடத்தில் பெங்கல்மன் கோல் போதும். லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கிடையே அதன் முனையை வைத்து, வண்டி நகர்கையில் தளம் எவ்வளவு மீள்கிறதென்று படிக்கும் அந்தப் பழைய முறை மெதுவானதுதான், ஆனால் பொய் சொல்லாது. ஜல்லியையும் அடிமண்ணையும் பல ஈரப்பத நிலைகளில் பக்கவாட்டில் அழுத்தியபடி மேலிருந்து பளுவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் மூவச்சு அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி, கிடைக்கும் எண்களையே கணினி மாதிரிக்குத் தர வேண்டும்; மாதிரி கணிக்கும் தாழ்வும் களத்தில் அளந்த தாழ்வும் ஒத்துப்போகும்வரை அதைக் கொண்டு தடிமன் முடிவு செய்யக் கூடாது.

இப்படிக்கு,
சாலைப் பொருள் ஆய்வில் பணிபுரியும் ஒரு பொறியாளர்